பாதுகாப்புப் பிரேமில் பவர் லென்ஸ் போட்டுக்கொண்டால் போதுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: கோவையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறீர்கள், இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 4.50 பவர், பி.டி. எனப்படும் கருவிழிகளுக்கு இடையிலான தூரம் 62 மி.மீ.; வயது நாற்பதைத் தொடப்போகிறது. பவர் கண்ணாடிக்கு மேலே பட்டறையில் கொடுக்கும் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டால் ஆவி படிகிறது, மூக்கில் நிற்பதும் இல்லை. அதனால் இசட்87 முத்திரை உள்ள ஒரு பிரேமைத் தனியாக வாங்கிவிட்டீர்கள். அதில் பக்கத்து ஆப்டிகல்ஸ் கடையில் உங்கள் பவருக்குப் பாலிகார்பனேட் என்ற எளிதில் உடையாத பிளாஸ்டிக் லென்ஸ் போட்டுக்கொண்டால் போதுமா என்பதுதான் கேள்வி.

போட்டுக்கொள்ளலாம், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டு அவதிப்படுவதைவிட இது நல்ல முடிவுதான். ஆனால் முத்திரை உள்ள பிரேமும் பாலிகார்பனேட் என்ற பெயரும் சேர்ந்துவிட்டாலே அது பாதுகாப்புக் கண்ணாடி ஆகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனை மி.மீ. கனத்தில் லென்ஸ் வருகிறது, அதை எப்படி வெட்டுகிறார்கள், அந்தப் பிரேமின் காடியில், அதாவது லென்ஸைப் பிடித்துக்கொள்ளும் பள்ளத்தில், அது எப்படி உட்காருகிறது, உங்கள் முகத்தில் அந்தப் பிரேம் எப்படி நிற்கிறது ஆகிய நான்கும் சரியாக இருந்தால்தான் பிரேமின் மேலுள்ள முத்திரைக்கு அர்த்தம் உண்டு. கண்ணாடி வெட்டிப் பொருத்தும் தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில், கடைக்காரரிடம் நீங்கள் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் காரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் அந்த முத்திரை எதைச் சோதித்துத் தரப்படுகிறது என்று பார்ப்போம். ஆன்சி இசட்87.1 என்பது அமெரிக்கத் தர விதி. மோதல் தாங்கும் கண்ணாடி என்று அதன்படி சொல்லிக்கொள்ள வேண்டுமானால் இரண்டு அடிகளைத் தாங்க வேண்டும். ஒன்று, 6.35 மி.மீ. விட்டமுள்ள, ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல் எடையுள்ள எஃகு உருண்டையை நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 165 கி.மீ. வேகத்தில் சுடுவது. மற்றொன்று, கூரான முனையுள்ள 500 கிராம் எடையை ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து நேராக லென்ஸின் மேல் விழவிடுவது. இந்தச் சோதனைகளைச் செய்யும்போது கண்ணாடியை ஒரு தலை உருவத்துக்கு மாட்டித்தான் அடிப்பார்கள். லென்ஸ் உடைந்தால் மட்டும் தோல்வி என்று எண்ண வேண்டாம். லென்ஸின் உட்புறத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்தாலும் தோல்வி, உடையாத லென்ஸ் பிரேமைவிட்டுக் கழன்றாலும் தோல்வி, எதுவும் கழலாமலேயே லென்ஸ் பின்னால் வளைந்து அந்த உருவத்தின் கண்ணைத் தொட்டுவிட்டாலும் தோல்வி.

ஐரோப்பாவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த இஎன் 166 விதி இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. அதில் லென்ஸுக்கு ஒரு குறியும் பிரேமுக்கு ஒரு குறியும் தனித்தனியே உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், எது தாழ்ந்ததோ அதுதான் அந்த முழுக் கண்ணாடியின் தரம். எஃப் குறி பெற்ற பிரேமில் எஸ் குறி மட்டுமே பெற்ற லென்ஸைப் போட்டால் அது எஸ் தரக் கண்ணாடிதான். உங்கள் பிரேமுக்கும் இதே கணக்கைப் பொருத்திப் பாருங்கள். குறியே இல்லாத ஒரு லென்ஸை அதில் போட்டால் கையில் இருப்பது குறியில்லாத கண்ணாடி.

தொழிலுக்கு வந்த புதிதில் இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வார்ப்பாலையில் காஸ்டிங்குகளைக் கிரைண்டிங் வீலில் பிடித்துப் பிசிர் தேய்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வேலை செய்யும் இடத்தையும் சொல்லித்தான் கண்ணாடி கேட்டார். உடையாத லென்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, அவர் தேர்ந்தெடுத்த சாதாரண அரைப் பிரேமில், அதாவது கீழ்ப்பாதியில் நைலான் நூல் மட்டுமே லென்ஸைப் பிடித்திருக்கும் வகையில், பாலிகார்பனேட் லென்ஸை வெட்டிப் பொருத்திக் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து இடது புருவத்துக்குக் கீழே நான்கு தையலோடு வந்து, ஒரு துணியில் முடிந்து வைத்திருந்த லென்ஸை என் மேசைமேல் வைத்தார். லென்ஸ் முழுதாக இருந்தது. கடுகளவு வெள்ளைத் தழும்பு ஒன்று மட்டும் அதன் முகத்தில் இருந்தது. வீலிலிருந்து தெறித்த துண்டு லென்ஸை உடைக்கவில்லை. அதைப் பிரேமிலிருந்து பிடுங்கி அவர் முகத்தின்மேல் அறைந்திருக்கிறது. லென்ஸின் விளிம்புதான் புருவத்தைக் கிழித்தது. இன்னும் அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக்குப் போகிறவர் எவர் வந்தாலும், அன்றிலிருந்து லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிரேமைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சாதாரண பிரேமின் காடி லென்ஸை முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்துக்கொள்ளும். கீழே விழாமல் இருந்தால் அதற்குப் போதும். வேலைக்கென்று செய்யப்படும் பிரேமில் காடி ஆழமாக இருக்கும். அதோடு பல வடிவங்களில் லென்ஸுக்குப் பின்புறமுள்ள வரம்பு முன்புற வரம்பைவிட உயரமாக இருக்கும். அடி முன்னாலிருந்து வருவதால் லென்ஸ் அந்தப் பின் வரம்பில்தான் போய் முட்டி நிற்க வேண்டும். உங்கள் பிரேமில் லென்ஸுக்குப் பதிலாகப் போட்டு விற்கும் டெமோ பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, வளையத்தின் உட்புறத்தை விரல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள உயர வேறுபாடு கைக்கே தெரியும். லென்ஸ் இறங்கவில்லை என்று அந்தப் பின் வரம்பை அரம் வைத்து ராவுகிற கடைக்காரர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து பிரேமைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வரம்பைத் தேய்த்த நிமிடத்திலேயே அது சாதாரண பிரேம் ஆகிவிடுகிறது.

அடுத்து, உங்கள் பிரேமில் உள்ள முத்திரையை முழுவதும் படியுங்கள். பவர் லென்ஸ் போடுவதற்கென வடிவமைத்துச் சோதித்த பிரேமில் இசட்87 என்பதோடு ஒரு கோடும் 2 என்ற எண்ணும் சேர்ந்து இசட்87-2 என்று இருக்கும். வெறுமனே இசட்87+ என்று மட்டும் இருந்தால் (கூட்டல் குறி மோதல் தாங்கும் என்பதைக் குறிக்கும்), அது பவர் இல்லாத லென்ஸோடு சேர்த்துச் சோதித்த கண்ணாடியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த லென்ஸைப் பிடுங்கிவிட்டு அதே வடிவத்தில் பவர் லென்ஸை வெட்டிச் செருகுவது அந்தச் சோதனையோடு தொடர்பில்லாத வேலை. முத்திரை முன்பக்கத்திலும் காதுக் கம்பிகளிலும் இருக்க வேண்டும். தயாரித்தவரின் பெயரோ குறியோ இல்லாமல் இசட்87 மட்டும் பொறித்த பிரேம்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் நம்புவதில்லை. நம் நாட்டில் கண் பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஐஎஸ் 5983 என்ற விதி இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் பட்டறைக் கண்ணாடிகள் அதன்படி வருபவை.

இப்போது லென்ஸ். கடைக்குப் போய்ப் பாலிகார்பனேட் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அன்றாடப் பயன்பாட்டுக்கான பாலிகார்பனேட். மைனஸ் பவரில் நடுப்பகுதிதான் மெல்லியது. ஓரம் தடிக்காமல் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அதன் நடுக்கனத்தை 1.5 மி.மீ.க்கும் கீழே கொண்டுவந்துவிடுவார்கள். சாலையில் நடப்பவருக்கு அது போதும். ஆன்சி விதியோ, மோதல் தாங்கும் பவர் லென்ஸ் எந்த இடத்திலும் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. எனவே ஆர்டர் எழுதும் தாளில் பவருக்குப் பக்கத்திலேயே, தொழிற்பாதுகாப்புக் கண்ணாடி, நடுக்கனம் குறைந்தது 2 மி.மீ. என்று எழுதச் சொல்லுங்கள். வந்த பிறகு கனத்தைக் கூட்ட வழியில்லை. அப்படி ஆர்டர் எடுத்துச் செய்யும் லேப், லென்ஸின் மேல் ஓரத்தில் தன் குறியையும் அதோடு ஒரு கூட்டல் குறியையும் மெல்லப் பொறித்து அனுப்பும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அந்தப் பொறிப்பு இல்லாமல் வந்தால், பொருள் என்னவாக இருந்தாலும் நான் அதைப் பாதுகாப்பு லென்ஸ் என்று கொடுக்க மாட்டேன்.

பொருளைப் பொறுத்தவரை உங்களுக்கு உண்மையில் இரண்டே தேர்வுகள். நிஜக் கண்ணாடியால் செய்த லென்ஸும் சிஆர்-39 என்ற சாதாரண பிளாஸ்டிக்கும் லேத் முன்னால் நிற்பவருக்கு ஆகாது. பாலிகார்பனேட் எளிதாகக் கிடைக்கும். ஒளிவிலகல் எண் 1.59 என்பதால் ஓரமும் அவ்வளவாகத் தடிக்காது. அதன் குறை, ஓரத்தின் வழியாகப் பார்க்கும்போது பொருள்களின் விளிம்பில் நீலமும் ஆரஞ்சுமாக மெல்லிய நிறக்கோடு தெரிவது. நிறங்களைப் பிரிக்காமல் கடத்தும் திறனைக் குறிக்கும் ஆபே எண் அதற்கு 30 மட்டுமே. டிரைவெக்ஸ் என்பது 2001-ல் வந்த பொருள். அதன் ஆபே எண் 43 முதல் 45 வரை. எடையும் குறைவு, ரசாயனங்களையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒளிவிலகல் எண் 1.53 என்பதால் உங்கள் பவருக்கு ஓரம் இன்னும் கொஞ்சம் தடிக்கும், விலையும் கூடும். பாகங்களைக் கழுவத் தின்னரும் அசிட்டோனும் புழங்கும் பட்டறை என்றால் டிரைவெக்ஸுக்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. இல்லையென்றால் பாலிகார்பனேட்டே போதும்.

லென்ஸ் நல்லது, பிரேம் நல்லது என்று இரண்டையும் வாங்கி வைத்தபின் பெரும்பாலும் கெடுவது லென்ஸின் விளிம்பை வெட்டும் எட்ஜிங் மிஷினில்தான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் கெடும் இடம் இது.

லென்ஸின் விளிம்பைச் சுற்றிக் கூரை முகடு போல ஒரு வரம்பை வெட்டுகிறோம். அதைப் பெவல் என்போம். அந்தப் பெவல்தான் பிரேமின் காடிக்குள் உட்காரும். லென்ஸை அளவுக்கு ஒரு நூல் குறைவாக வெட்டிவிட்டால், பெவலின் நுனி மட்டும் காடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்; ஓர் அடி பட்டால் கழன்றுவிடும். இடைவெளியை மறைக்கச் சில கடைகளில் காடிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் நூலை வைத்து அடைப்பார்கள். சாதாரணக் கண்ணாடியில் அதை மன்னிக்கலாம், பாதுகாப்புப் பிரேமில் கூடவே கூடாது. மாறாக, அளவுக்கு மேல் பெரிதாக வெட்டி அழுத்தி ஏற்றிவிட்டால் லென்ஸ் அசையாமல் நிற்கும். பார்ப்பதற்கு மிக உறுதியாகவும் தோன்றும். ஆனால் அந்த லென்ஸ் இரவும் பகலும் நாலா பக்கமும் நெருக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பாலிகார்பனேட் இப்படி நெருக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் தின்னரோ அசிட்டோனோ பட்டால், மூலைகளில் மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் ஓட ஆரம்பிக்கும். அதன்பின் அது உடையாத லென்ஸ் இல்லை.

இந்த நெருக்கத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். லேப்டாப் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரு திசையில் ஒழுங்குபட்ட போலரைஸ்டு ஒளி. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைக் கண்ணுக்கு முன் பிடித்து, திரை கறுப்பாக மாறும்வரை மெதுவாகத் திருப்புங்கள். இப்போது திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் உங்கள் புதுக் கண்ணாடியை நீட்டுங்கள். லென்ஸ் நெருக்கப்பட்டிருந்தால், பிரேம் திருகு இருக்கும் இடத்திலும் மூலைகளிலும் வானவில் போல நெருங்கிய வண்ண வளைவுகள் கிளம்பி உள்ளே நோக்கி ஓடுவதைக் காணலாம். அச்சில் அழுத்திச் செலுத்தி வார்த்த பாலிகார்பனேட்டில், பொருத்துவதற்கு முன்பே மங்கலான வண்ணம் கொஞ்சம் இருக்கும். அது பரவலாக, எந்த மூலையையும் சாராமல் இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓரிடத்தில் குவிந்து விளிம்பிலிருந்து புறப்படும் கோடுகள்தான் எச்சரிக்கை. நல்ல கடைகளில் இதற்கென்றே போலரிஸ்கோப் என்ற சிறு கருவி இருக்கும். கோடுகளைக் கண்டதும் லென்ஸைக் கழற்றி, அரை மி.மீ.க்கும் குறைவாக, ஒரு சுற்று மட்டும் தேய்த்து, மறுபடி ஏற்றி, மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டிவந்தாலும் நான் சலித்துக்கொள்வதில்லை. முழு வேலையிலும் கையின் பக்குவம் தேவைப்படும் இடம் இதுதான்.

ஏற்றும் முறையிலும் ஒரு பழக்கம் இடறும். அசிட்டேட் பிரேம்களைச் சூடாக்கி, வளையம் இளகியதும் லென்ஸை அழுத்துவது எங்கள் கைக்குப் பழகிப்போன வேலை. பாதுகாப்புப் பிரேம்களில் பல, நைலான் வகையில் வார்க்கப்பட்டவை. அவற்றை அதே சூட்டில் காட்டினால் வளையத்தின் வடிவமும் பின் வரம்பும் கெடும். தயாரிப்பாளர் சொன்ன முறையில், பெரும்பாலும் சூடில்லாமல், மூக்குப் பக்கத்து மூலையை முதலில் காடியில் உட்கார வைத்து மற்றதைக் கட்டை விரலால் ஒரே அழுத்தாக ஏற்ற வேண்டும். உட்கார்ந்ததும் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராமல் மெல்ல நழுவி உட்கார்ந்தால் லென்ஸ் சிறியது என்று பொருள். வெட்டிய விளிம்பின் முன், பின் கூர்களை மழுக்கிவிடவும் வேண்டும். கூரான விளிம்பில்தான் விரிசல் பிறக்கும், அடிபடும்போது தோலைக் கிழிப்பதும் அதுதான்.

இனி உங்கள் பவர். பட்டறைப் பிரேம்கள் முகத்தை நன்றாக மூட வேண்டும் என்பதற்காகப் பெரிதாக வருகின்றன. உங்கள் பிரேமின் காதுக் கம்பி உட்புறத்தில் 55, 17 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது லென்ஸ் வளையத்தின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம். இரண்டையும் கூட்டினால் 72. உங்கள் கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரம் 62. வித்தியாசம் 10, எனவே ஒவ்வொரு லென்ஸின் ஒளி மையத்தையும் வளையத்தின் நடுவிலிருந்து 5 மி.மீ. மூக்குப் பக்கம் நகர்த்தி வெட்ட வேண்டும். அப்படி நகர்த்தாமல் நடுவிலேயே விட்டுவிட்டால், மைனஸ் 4.50-க்கு ஒளியை ஒரு பக்கமாக விலக்கும் பிரிசம் ஒவ்வொரு கண்ணிலும் 2.25, இரண்டும் சேர்ந்து 4.5 பிரிசம் தேவையில்லாமல் ஏறிவிடும். மாலையானால் நெற்றி வலிக்கிறது, மைக்ரோமீட்டர் படிக்கும்போது கண் இழுக்கிறது என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கண் வலிக்கிறது என்று கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டால் முத்திரையும் கனமும் எதற்கும் பயன்படாது. அதனால் பி.டி.யை நான் பாதுகாப்புக்குப் புறம்பான விஷயமாகக் கருதுவதில்லை.

மையத்தை நகர்த்துவதற்கு ஒரு விலையும் உண்டு. மையத்திலிருந்து காதுப் பக்க ஓரம் 32.5 மி.மீ. தள்ளிப் போய்விடும். நடுவில் 2 மி.மீ. கனம் வைத்தால், உங்கள் பவரில் பாலிகார்பனேட் அந்த ஓரத்தில் சுமார் 6 மி.மீ. தடிமனாக வரும். இதே கண்ணாடியை 51, 17 அளவுள்ள பிரேமில் போட்டால் நகர்த்த வேண்டியது 3 மி.மீ. மட்டும், ஓரமும் சுமார் 5 மி.மீ.யில் முடிந்துவிடும். ஒரு மி.மீ. சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் எடை குறைந்து மூக்கில் நழுவாமல் நிற்பதற்கும், கண்ணின் பக்கவாட்டை மறைக்கும் சைடு ஷீல்டு இடறாமல் மாட்டுவதற்கும் அது உதவும். பிரேமை மாற்றித் தர வாங்கிய இடத்தில் ஒப்புக்கொள்வார்கள் என்றால், முகத்தை முழுவதும் மூடுகிற அளவுகளிலேயே சிறியதைத் தேர்ந்தெடுங்கள். புருவத்துக்கும் பிரேமின் மேல் விளிம்புக்கும் இடையே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விடும் பிரேம் மட்டும் வேண்டாம். லேத்திலிருந்து சூடான சுருள் மேலிருந்தும் விழும்.

நீங்கள் வாங்கியிருப்பது விளையாட்டுக் கண்ணாடி போல முகத்தைச் சுற்றி வளைந்த பிரேம் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கண் மருத்துவமனையில் உங்களுக்குப் பவர் பார்த்தபோது சோதனை லென்ஸ் முகத்துக்கு நேராக இருந்தது. வளைந்த பிரேமில் அது பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். 15 டிகிரி சாய்வில் வைத்த மைனஸ் 4.50 லென்ஸ், உங்களுக்கு இல்லாத சிலிண்டர் பவரை, அதாவது ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவரை, ஏறக்குறைய 0.33 டயாப்டர் அளவுக்குத் தானாகவே உண்டாக்கிவிடும். சாய்வு 20 டிகிரி ஆனால் அது அரை டயாப்டரைத் தாண்டும். இதை முன்கூட்டியே கணக்கிட்டுத் திருத்திய பவரில் லென்ஸ் செய்துதரும் லேப்கள் இருக்கின்றன. பிரேமின் வளைவுக் கோணத்தையும் லென்ஸ் கண்ணிலிருந்து நிற்கும் தூரத்தையும் அளந்து அனுப்ப வேண்டும். அந்த வசதி இல்லாத கடையில் வளைந்த பிரேமைக் கொடுக்காதீர்கள். உங்கள் பவருக்குத் தட்டையான பிரேமும் இரு பக்கமும் சைடு ஷீல்டும்தான் நல்ல சேர்க்கை என்று தயங்காமல் சொல்வேன். ஷீல்டு பிரேமோடு நிரந்தரமாகப் பொருத்தியதாக இருந்தால் இன்னும் நல்லது. கழற்றி மாட்டும் ஷீல்டுகள் சில மாதங்களில் சட்டைப் பையிலும் அதன்பின் குப்பையிலும் போய்ச் சேர்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வயது நாற்பதைத் தொடுகிறது என்கிறீர்கள். வெர்னியரைக் கையில் பிடிக்கும் தூரம் வேறு, லேத்தின் பிடியான சக்கில் சுழலும் வேலை நிற்கும் தூரம் வேறு. இரண்டையும் நாடாவால் அளந்துகொண்டு போய்க் கண் பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். படிப்பதற்கான பவர் தேவைப்பட்டால் அந்தத் தூரங்களுக்கு ஏற்பத்தான் அது அமைய வேண்டும். பூச்சுகளில், கீறலைத் தடுக்கும் பூச்சு பாலிகார்பனேட்டுக்குக் கட்டாயம். பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு மோதல் தாங்கும் திறனைச் சற்றுக் குறைக்கக்கூடியது என்பதால், அந்தப் பூச்சோடு சேர்த்தே முத்திரை தரும் லேப்பில் மட்டும் போடுங்கள். ஆவி படிவது உங்கள் பெரிய புகார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சிக்கும் வெப்பம் இனி இருக்காது என்பதால் அது பாதிக்கு மேல் தானே குறையும். வெல்டிங் ஒளியை இந்தக் கண்ணாடி தடுக்காது, அதற்கு ஷீல்டு தனி.

பொருத்தமான கடை கிடைக்காவிட்டால், அரைகுறையாக ஒப்பேற்றுவதைவிட, பவர் கண்ணாடிக்கு மேல் போடும் கண்ணாடியையே நல்ல அளவில் வாங்குங்கள். அல்லது பாதுகாப்புக் கண்ணாடிக்கு உட்புறம் பவர் லென்ஸைக் கிளிப் போல மாட்டும் வகையை வாங்குங்கள். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதியே, பவர் உள்ள தொழிலாளி, பவரை உள்ளடக்கிய பாதுகாப்புக் கண்ணாடியோ, பவர் கண்ணாடியின் நிலை கெடாமல் மேலே போடக்கூடிய கண்ணாடியோ, இரண்டில் ஒன்றை அணிவதை உறுதிசெய்யும் பொறுப்பை முதலாளியின் மேல் வைக்கிறது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் துகள் தெறிக்கும் வேலைகளுக்குத் தடுப்போ தகுந்த கண்ணாடியோ தருவது பற்றி 35-ஆம் பிரிவில் பேசியது. எனவே செலவில் ஒரு பங்கையாவது உங்கள் பட்டறையில் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கண்ணாடி தயாரானதும் அவசரப்பட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள். லென்ஸில் பொறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நடுக்கனத்தைக் காலிப்பரால் உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். கனம் அளக்கத் தெரிந்த உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. பிரேமை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டை விரல்களாலும் லென்ஸை முன்னாலிருந்து பின்னுக்கு உறுதியாக அழுத்துங்கள். இம்மியும் அசையக் கூடாது. சுற்றிலும் காடிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒளி கசியக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன லேப்டாப் சோதனையைச் செய்யுங்கள்.

துடைக்கும்போது முதலில் ஓடும் தண்ணீரில் காட்டி இரும்புத் துகளைக் கழுவிவிட்டு, சோப்பு நுரையால் தடவி, பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பட்டறையின் வேஸ்ட் துணியால் உலர்வாகத் துடைத்தால் ஒரே மாதத்தில் லென்ஸ் புகை மூட்டமாகிவிடும். ஆழமான கீறலோ, மூலையில் மயிரிழை விரிசலோ, ஒரு பலத்த அடியோ பட்டால், பார்வை தெளிவாக இருந்தாலும் லென்ஸை மாற்றிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் மிஷின் நின்றிருக்கும்போதே அதைப் போட்டுக்கொண்டு வெர்னியரையும் டயலையும் படித்துப் பாருங்கள். கோடுகள் இரட்டையாகவோ சாய்ந்தோ தெரிந்தால், பழகிவிடும் என்று விட்டுவிடாமல் கடைக்கு எடுத்துச் சென்று பி.டி.யையும் ஒளி மையத்தையும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.